சண்டைக்காரக் கடல் மீன்களை ஒரே தொட்டியில் விடுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் மீன் என்றாலே கே.ஆர்.பி. அணைப் பக்கத்து வறுவல்தான். வீட்டில் கடல் மீன் வளர்க்கிறேன் என்றால், "குழம்புக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பரவாயில்லை, ஆரம்பிப்போம்.

1. தொட்டி. நான்கு அடி நீளத்துக்குக் குறையக் கூடாது. அடி வாங்குகிற மீனுக்கு ஓட இடம் வேண்டும். 4 x 1.5 x 2 அடித் தொட்டி விளிம்பு வரை சுமார் 340 லிட்டர் பிடிக்கும்.

2. தண்ணீர். நம்மூர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல் உப்புக் கலவை போடுங்கள். கல்லுப்பு கூடாது. தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்ட வேண்டும். அப்புறம் மீன் இல்லாமலே, தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு, 4 முதல் 6 வாரம் ஓடவிடுங்கள். தீனி அழுகி வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன்.

3. கல். மீன்களின் எண்ணிக்கையைவிடப் பொந்துகள் அதிகமாக இருக்கட்டும். ஒரு மூலையில் இருப்பவன் கண்ணுக்கு மறு மூலை தெரியாதபடி அடுக்குங்கள். கடலில் எடுத்த பவளப்பாறையை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கடையில் கிடைக்கும் செயற்கைக் கல் போதும்.

4. வரிசை. நான் சறுக்கியது இங்கேதான். கட்டைவிரல் அளவு டாமினோ டாம்ஸல் ஒன்றை முதலில் விட்டேன். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு, பார்க்க அப்பாவி. ஒரு மாதம் கழித்து உள்ளங்கை அளவு சர்ஜன் மீனை விட்டேன். வாலடியில் கத்தி மாதிரி முள் இருந்தும் அது திருப்பி அடிக்கவே இல்லை. டாமினோ அதை ஹீட்டருக்குப் பின்னால் ஒதுக்கி, வெளியே தலை நீட்டும்போதெல்லாம் பாய்ந்து கடித்தது. மறுநாள் காலையில் வால் நார்நாராகக் கிடந்தது. முதலில் வந்தவனுக்குத் தொட்டி முழுக்கச் சொந்தம்.

ஆகவே சாதுவானதை முதலில் விடுங்கள்: ஒரு ஜோடி கிளவுன் (ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை), பிறகு ஃபாக்ஸ்ஃபேஸ் (மஞ்சள் உடம்பு, நரி மூஞ்சி), பிறகு சர்ஜன், கடைசியில் டாமினோ. லயன் மீன் இந்தக் கூட்டத்துக்கு ஆகாது. அது சண்டை போடாது, வாயில் அடங்குகிற மீனை விழுங்கிவிடும்.

5. புதியவனை விடும் நாள். துளை போட்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் அதைப் போட்டுத் தொட்டிக்குள்ளேயே மூன்று நான்கு நாள் வையுங்கள். பழையவர்கள் கூடையை முட்டி முட்டிச் சலித்துப்போவார்கள். திறக்கும் நாளில் கற்களை இடம் மாற்றுங்கள். எல்லோருக்கும் வயிறார தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுத் திறங்கள்.

6. அப்படியும் அடித்தால்? அடிக்கிறவனைப் பிடித்து அதே கூடையில் ஒரு வாரம் அடையுங்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஐந்தாம் நாளே சர்ஜன் ஹீட்டரை விட்டு வந்து, கூடையை ஒட்டிப் பாசி மேய்ந்துகொண்டிருந்தது.