பஞ்சர் கடை டியூபில் செதில் கழுத்தணி: முதன்முறை செய்பவர்களுக்கு

வேண்டாமென்று எறிந்த பொருளில் உடம்பில் அணியும் சிற்பம் செய்ய வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு மூட்டை நிறையப் பொருள் சேர்க்கிறார்கள். மூடி, கம்பி, சிடி, பழைய சாவி. பாதி நாள் அதைத் தரம் பிரிப்பதிலேயே போய்விடும். ஒரே பொருளோடு தொடங்குங்கள் என்பதுதான் என் கட்சி. சிகாகோவில் நிக் கேவ் என்ற கலைஞர் 1992-ல் செய்த முதல் 'சவுண்ட்சூட்', அதாவது உடம்பை மூடும் 'ஒலி உடை', முழுக்கப் பூங்காவில் பொறுக்கிய சுள்ளிகளால் ஆனது. அதைப் போட்டுக்கொண்டு அசைந்தபோதுதான் அது சலசலக்கும் என்பதே அவருக்குத் தெரிந்தது. அந்த வரிசைக்குப் பெயரே அந்தச் சத்தம் கொடுத்தது. கென்யாவில் நைரோபியின் கலைஞர் சைரஸ் கபிரு கிடைத்ததையெல்லாம் சேர்த்து 'சி-ஸ்டன்னர்ஸ்' என்ற மூக்குக்கண்ணாடிகளைச் செய்கிறார், உண்மைதான். ஆனால் அது கை பழகியவர் ஆட்டம்.

நாம் எடுக்கப்போவது சைக்கிள் டியூப். அதை மீன் செதில் மாதிரி துண்டு துண்டாக வெட்டி, துணியில் வரிசையாகத் தைத்துக் கழுத்தணி ஆக்கப்போகிறோம். பற்றவைக்க வேண்டாம், ஓரம் அடிக்க வேண்டாம், கத்திரிக்கோலுக்கே வெட்டுப்படும்.

1. டியூப் வாங்குவது

பக்கத்துப் பஞ்சர் கடையில் கேளுங்கள். வால்வு அடியில் கிழிந்த டியூபை ஒட்ட முடியாது என்பதால் அதுதான் அதிகம் ஒதுங்கிக் கிடக்கும். 28 இன்ச் டியூப் நாலைந்து போதும். அங்கேயே இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். மேல்பரப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த ரப்பர் செத்துவிட்டது, வேண்டாம். பஞ்சர் ஒட்டு இருந்தால் மட்டும் விடாதீர்கள். அந்த ஒட்டுகள் முன்பக்கம் வருகிற மாதிரி வைத்தால் நன்றாக இருக்கும்.

சும்மா தந்தாலும் டீக்காசாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை அவரே எடுத்து வைப்பார்.

2. கழுவுவது

வால்வைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு, டியூபை நீளவாக்கில் பிளந்து விரியுங்கள். உள்ளே வெள்ளையாக இருப்பது டால்க் பவுடர். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் போடுவது. மூக்கில் ஏறும், அதனால் வாளித் தண்ணீருக்குள் வைத்தே பிளப்பது நல்லது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு இரண்டு பக்கமும் தேய்த்து, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் விறைக்கும். வாடை போக ஒரு வாரம் காற்றாடத் தொங்கட்டும்.

3. பேப்பரில் அளவு

செய்தித்தாளில் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து 12 செ.மீ. தள்ளி இன்னொரு வட்டம், பின்பக்கம் ஒரு பிளவு. அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள், குனியுங்கள், தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே வெட்டிக் குறையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சுவரில் மாட்டி வைக்கத்தான் ஆகும்.

பேப்பர் சரியானதும் பழைய ஜீன்ஸ் துணியில் அதே அளவை, பிளவில் மட்டும் ஓர் ஓரம் மற்றதன்மேல் 3 செ.மீ. ஏறும்படி விட்டு வெட்டி, ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் துணியாக இருப்பது அழகுக்காக அல்ல. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் சில ரசாயனங்கள் பலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

4. செதில் வெட்டுவது

பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் 3 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத்தில் ஒரு முனை வளைந்த அச்சு வெட்டுங்கள். அதை ரப்பரில் வைத்து வெள்ளைப் பென்சிலால் கோடிழுத்து வெட்ட வேண்டியதுதான். கத்திரிக்கோலை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் நனைத்தால் ரப்பர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி கவனிக்க வேண்டியது திசை. அச்சை டியூபின் நீளவாக்கில் வைத்து வெட்டினால் செதில் ஓரளவு தட்டையாகப் படியும். குறுக்கே வைத்து வெட்டினால் டியூபின் உருண்டை அதிலேயே தங்கி, நுனி சுருண்டு நிற்கும். அதே செதிலைப் புரட்டி வைத்தால் நுனி வெளியே எழும்பும். வெறும் கறுப்பு ரப்பரில் இந்த மூன்றும் மூன்று வெளிச்சம் காட்டும். ஒவ்வொன்றிலும் பத்து வெட்டி மேசையில் பரப்பிப் பாருங்கள், வடிவம் அங்கேதான் பிடிபடும். என்னைக் கேட்டால் தோள்பக்கம் தட்டை, முன்கழுத்தில் சுருட்டை.

ஓரத்தில் சின்னதாகக்கூட வெட்டுக்காயம் இருக்கக் கூடாது. கிழிசல் அங்கிருந்துதான் ஓடும்.

5. தைப்பது

செதிலின் மேல்முனையில், ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி இரண்டு துளை. தோல் வேலைக்கான பஞ்ச் வேண்டும். ஊசியால் குத்தினால் துளை கிழிந்துகொண்டே போகும். செருப்பு தைக்கும் மெழுகு நூலால், துணியின் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி வரிசை வரிசையாகத் தையுங்கள். கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி, மேல்வரிசை கீழ்வரிசையின் தையலை மறைக்க வேண்டும்.

கழுத்தோரத்துக் கடைசி வரிசையின் தையல் மட்டும் வெளியே தெரியும். அதன்மேல் ஒரு விரல் அகல ரப்பர் பட்டையை ஒட்டுங்கள். இங்கே பஞ்சர் கடைக்காரர் முறைதான்: இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய விட்டு, பிறகு அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பிரிந்து வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். சொல்யூஷன் சட்டென்று தீப்பிடிக்கும்.

6. மாட்டுவது

பின்கழுத்தில், ஓரம் மேலேறும் இடத்தில் டிச் பட்டன் இரண்டு. கொக்கி வேண்டாம். பஸ்ஸில் எதிலாவது மாட்டி இழுத்தால் பட்டன் தானாகக் கழன்றுவிடும், கொக்கி கழுத்தை நெரிக்கும்.

போடுவதற்கு முன் தராசில் வையுங்கள். அரைக்கிலோவைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் கழுத்து வலி எடுத்துவிடும். பின்பக்கச் செதில்களைக் குறைத்துவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்.

பிறகு

வெள்ளி நகையோடு சேர்த்துப் போட வேண்டாம். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். செம்புக் கம்பி, தலைக்கு வைக்கும் எண்ணெய் இரண்டும் ரப்பருக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் டால்க் பவுடர் தடவி, மடிக்காமல் தொங்கவிடுங்கள். கிழிந்த செதிலை நூலை வெட்டி எடுத்துவிட்டு வேறு தைத்துக்கொள்ளலாம். அதற்கென்று பத்துப் பதினைந்தை இப்போதே கூடுதலாக வெட்டி டப்பாவில் போட்டு வையுங்கள்.