கேக்டஸையும் பீவரையும் ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

இவ்விரண்டின் வகைப்பாட்டையும் பாதுகாப்பு நிலையையும் ஒப்பிடு என்றதும் பலர் இரண்டு கட்டம் போட்டு நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். கோளாறு அங்கேயே ஆரம்பம். கேக்டஸ் என்பது ஒரு செடியல்ல, கேக்டேசி என்னும் முழுக் குடும்பம். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. மரப்பட்டை தின்னும் கொறித்துண்ணியான பீவரோ காஸ்டர் என்ற ஒரே பேரினம், அதாவது குடும்பத்துக்குக் கீழே வரும் சிறு தொகுதி. அதில் இன்று எஞ்சியிருப்பவை வட அமெரிக்க பீவர், யூரேசிய பீவர் என இரண்டு சிற்றினங்கள்தான். குடும்பத்துக்கு எதிரே பேரினத்தை நிறுத்தி ‘எது அழியும் நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? முதலில் இரு பக்கமும் சிற்றினத்தின் பெயரை எழுதுங்கள்.

எழுதுமுன் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். முள்ளும் சதைத்தண்டும் இருக்கிறதே என்று சதுரக்கள்ளியை கேக்டஸில் சேர்ப்பவர்கள் ஏராளம். அது யூபோர்பியா, ஆமணக்கின் குடும்பம். கீறினால் பால் வடியும் என்பது பாதி அடையாளம்தான், ஏனென்றால் மாமில்லேரியா கேக்டஸ் சிலவற்றிலும் பால் உண்டு. முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் பஞ்சுத் திட்டு போன்ற சிறு மேட்டிலிருந்து முட்கள் கிளம்பும். யூபோர்பியாவில் அந்தத் திட்டு இருக்காது. அதேபோல பீவரை நீர்நாயோடு குழப்பக் கூடாது: நீர்நாய் மீன் தின்னும் ஊனுண்ணி, பீவர் மரப்பட்டை தின்னும் கொறித்துண்ணி.

வகைப்பாட்டில் பெரிதாக மெனக்கெட ஒன்றுமில்லை. ஒன்று தாவர உலகம், மற்றது விலங்குலகம்; அதற்குக் கீழே எதுவும் பொதுவாக வராது.

பாதுகாப்பு நிலையில்தான் தவறுகள் குவிகின்றன. தொட்டிகளில் எங்கும் காணப்படும் தங்கப் பீப்பாய் கேக்டஸை ‘நிறைய இருக்கிறதே’ என்று விட்டுவிடுவார்கள். உயிரினங்களின் அழியும் அபாயத்தை மதிப்பிடும் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியல் கணக்கில் எடுப்பது காட்டில் வளர்வதை மட்டுமே. மெக்சிகோவில் சிமாபான் அணை அதன் வாழிடத்தின் ஒரு பகுதியை மூழ்கடித்தது, பட்டியலில் அது அருகிய இனம். உயரமாக வளரும் சகுவாரோ கேக்டஸோ ‘கவலை குறைந்த’ பிரிவு. அதனால் வெட்டலாம் என்று பொருளில்லை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சட்டம் அதைத் தனியே காக்கிறது. சைட்ஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியல்களையும் இதோடு கலக்காதீர்கள். அவை பன்னாட்டு வணிகத்துக்கான கட்டுப்பாடு, அபாயத்தின் அளவுகோல் அல்ல.

இரண்டு பீவர்களும் இன்று ‘கவலை குறைந்த’ பிரிவில்தான். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூரேசிய பீவர் சுமார் 1,200 தான் மிஞ்சியிருந்தது. வேட்டைத் தடையும் மறு அறிமுகமும் மீட்டெடுத்தன. இன்றைய நிலையை மட்டும் எழுதினால் இந்தக் கதை முழுக்க விடுபட்டுப்போகும். இடத்துக்கு இடம் நிலை மாறுவதும் அப்படித்தான்: 1946இல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள தியரா டெல் ஃபியூகோவில் விடப்பட்ட வட அமெரிக்க பீவர், பீவருக்குப் பழகாத அந்தக் காடுகளை அழித்து, ஒழிக்கப்பட வேண்டிய அயல் விலங்காகிவிட்டது.