தஞ்சைப் பெரிய கோயிலை முதன்முறையாகப் பார்ப்பது எப்படி?

பெரிய கோயிலுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். காலையில் நடை திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது. நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குத் தரை கொதிக்கும். இளவெயில் சுவரில் சாய்வாக விழும்போதுதான் கல்லில் வெட்டிய எழுத்து நிழலோடு எழுந்து தெரியும். இந்த இரண்டாவது காரணமே எனக்கு முக்கியம்.

முதலில் வாசல்கள். மராட்டியர் கால நுழைவாயிலைத் தாண்டினால் கேரளாந்தகன் திருவாயில், அதையடுத்து ராஜராஜன் திருவாயில். இரண்டாவதன் அடிப்பகுதியில் மார்க்கண்டேயன், கண்ணப்பர் கதைகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. கூட்டத்தோடு நடந்தால் தவறவிடுவீர்கள்; ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

அடுத்து, திறந்தவெளிக்கு வந்ததும் எது எந்தக் காலத்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். விமானம், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரம், ராஜராஜன் எழுப்பியது. 1010இல் குடமுழுக்கு கண்டது. பெரிய நந்தியும் முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. இது தெரிந்தால் எல்லாவற்றையும் சோழர் கணக்கில் எழுத மாட்டீர்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நன்றாகவே விழுகிறது.

இப்போது விமானத்தை வலமாகச் சுற்றுங்கள். சுவரின் மேல் வரிசையில் வில்லேந்திய திரிபுராந்தகர் (முப்புரம் எரித்த சிவன்) திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். பிறகு கண்ணைக் கீழே இறக்குங்கள். அதிட்டானம் எனப்படும் அடித்தளம் முழுக்க எழுத்து! வடபுறத்துக்கு வந்ததும் நின்றுவிடுங்கள். தான் எடுப்பித்த திருக்கற்றளிக்கு (கற்கோயிலுக்கு) ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ மற்றவர்கள் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் இட்ட ஆணை அங்கேதான் இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை. பேரரசன் தன் பெயரோடு அக்காளையும் மனைவியரையும், கொடுத்த பிறரையும் சேர்த்தே எழுதச் சொன்னான். இந்தக் கோயிலில் என்னை மிகவும் நெகிழச் செய்வது இந்த ஒரு வாக்கியம்தான்.

எழுத்தைப் படிக்க முடியுமா என்று தயங்காதீர்கள். ட, ப போன்றவை இன்றைய வடிவத்துக்கு நெருக்கமானவை, அவற்றிலிருந்து தொடங்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைத் தேடாதீர்கள், பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார்கள். எ, ஏ வேறுபாடும் இருக்காது. இடையிடையே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும். விரலால் தடவுவதோ, தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்புக் கட்டி பூசுவதோ கூடவே கூடாது.

தரிசனத்தை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கருவறையில் படம் எடுக்க வேண்டாம். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க அனுமதி இல்லை; அர்ச்சகரை வற்புறுத்தாதீர்கள்.

ஊர் திரும்பியதும், கல்வெட்டு வாசகங்களை அச்சிட்டுத் தரும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். வடசுவரில் நீங்கள் எழுத்துக்கூட்டிய வரிகள் முதல் கல்வெட்டாகவே அச்சில் இருக்கின்றன.