மடுக்காட்டு வழியே வண்டில் பயணம்

கனடாவிலிருந்து வந்த தங்கையின் மகன், "மாமா, காட்டுக்குள்ளே குதிரையில் போக வழியில்லையா?" என்று கேட்டான். குதிரை வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குப் போ, அங்கேயும் கட்டாக்காலியாக நிற்கும், ஏறவிடாது என்றேன். என்னிடம் இருப்பது இரண்டு எருதும் ஒரு கூடார வண்டிலும். அதில் பாலம்பிட்டிப் பக்கமிருந்து மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அடுத்த முறை கூட்டாளிகளோடு வருகிறானாம், எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னான்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். மடுவில் பெரிய திருவிழா ஜூலை 2, ஆகஸ்ட் 15. அந்த நாட்களில் றோட்டு நிறைய பஸ். ஜூலை பாலைப்பழம் பழுக்கிற காலம், மரத்தடியில் நமக்கு முன்பே கரடி நிற்கும். ஆகஸ்டில் சோழகக் காற்று அடித்துச் சின்னக் குளங்கள் வற்றிப்போகும். நான் மாசி, பங்குனிதான் சொல்வேன். மாரி மழையில் நிறைந்த குளம் இருக்கும், புல் இருக்கும், காலபோக (மாரி கால நெல்) வைக்கோலும் புதிதாகக் கிடைக்கும்.

அப்புறம் வழி. சுமையோடு எருது மணிக்கு 3, 4 கிலோமீற்றர்தான் நடக்கும். ஒரு நாளைக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். வெயிலில் ஒரு எருது 40 லீற்றருக்கு மேலும் குடிக்கும், ஆகவே வழியைக் கிலோமீற்றரால் அல்ல, குளத்துக்குக் குளம் எண்ணுங்கள். இரண்டு நாள் முன்பே மோட்டார் சைக்கிளில் போய் எந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, எங்கே மதகு உடைந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். குளத்துக்குள் எருதை இறக்க வேண்டாம், முதலை இருக்கும். வாளியால் அள்ளி வையுங்கள்.

மரச்சில்லு வெயிலில் காய்ந்து சுருங்கினால் அதைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டம் ஆடத் தொடங்கும். முதல்நாள் இரவே ஈரச்சாக்கால் மூடிவிட்டால் மரம் ஊறிப் பட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். றப்பர் சில்லுக்கு இந்த வேலை இல்லை, ஆனால் பம்பும் ஒட்டுச் சாமானும் வேண்டும், காட்டுமுள் சும்மா விடாது. அச்சுக்குக் கிறீஸ், கடையாணி மேலதிகமாக இரண்டு. கிறவல் றோட்டில் லாடன் இல்லாமல் போகவே கூடாது. குளம்பு பிளந்தது என்பதால் காலுக்கு இரண்டு தகடு, ஒரு எருதுக்கு எட்டு. புறப்படும் அன்றைக்கு அடிக்காதீர்கள். நாலு நாள் முன்பே அடித்து நடக்கவிட்டுப் பாருங்கள்.

சாமான் ஏற்றுவதில்தான் புதியவர்கள் பிழை விடுவார்கள். முன்பாரம் கூடினால் நுகம் கழுத்தை அழுத்தும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். ஏற்றி முடிந்ததும் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் பாரமாகத் தூக்குப்பட்டால் சரி. அரை மணித்தியாலம் போனதும் நிறுத்தி, நுகத்துக்குக் கீழே கைவைத்துத் தடவுங்கள். மயிர் தேய்ந்திருந்தாலோ சூடாக இருந்தாலோ சாக்கை மடித்து வையுங்கள். புண் வந்தபிறகு வேப்பெண்ணெய் பூசலாம், ஆனால் பயணம் அதோடு முடிந்தது.

விடிந்து வெளிச்சம் வந்தபின் எருதைப் பூட்டுங்கள், பத்து மணிக்கு அவிழ்த்துவிடுங்கள். மூன்றரைக்கு மறுபடி பூட்டி, பொழுதுபட முன் ஊர்மனை ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும். மத்தியானம் எருது சும்மா படுத்திருக்கிறது என்று என் மருமகன் நினைத்தான். அது அசைபோடுகிறது, அந்த நேரத்தைப் பறித்தால் பின்னேரம் இழுக்காது. பொழுதுபட்டால் றோட்டு யானைக்குச் சொந்தம். எருது திடீரென்று நின்று காதை முன்னே நீட்டினால் அடிக்காதீர்கள். நமக்குத் தெரியாததை அது மோப்பம் பிடித்திருக்கும். வண்டிலின் பின்னே நான் இரண்டு பழைய சீடி கட்டியிருக்கிறேன், வாகன வெளிச்சத்துக்கு நன்றாக மின்னும்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் றோட்டை விட்டுத் தெரியாத பற்றைக்குள் இறங்காதீர்கள், ஒதுங்குவதற்குக்கூட. மிதிவெடி அகற்றிய இடம் எது, அகற்றாத இடம் எது என்று ஊரவரிடம் கேளுங்கள். காட்டில் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாகிவிட்டது, உள்ளே போக வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விறகு வெட்டவும் முடியாது. நான் ஒரு சாக்குச் சிரட்டை கொண்டுபோவேன், தேத்தண்ணிக்கும் புட்டுக்கும் போதும். மாட்டோடு போவதால் கிராம அலுவலரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

மிருக வைத்தியரின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வையுங்கள். ஒருமுறை கோயிலடியில் பிள்ளைகள் ஆசையாக மிஞ்சிய சோற்றையெல்லாம் வலத்தானுக்கு (வலப்பக்கம் பூட்டும் எருதுக்கு) ஊட்டிவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தேன். இரவு அதன் இடப்பக்க வயிறு பறைபோல ஊதிவிட்டது. என் போனில் சார்ஜ் இல்லை, இன்னொருவரின் போனை வாங்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஓடினேன். வைத்தியர் சொன்னபடி எண்ணெய் பருக்கி, கயிற்றைப் பிடித்து இரவு முழுக்க நடத்தினேன். விடியப்புறம் அது ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அதற்குப் பிறகுதான் நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினேன்.