கொரிய மொழியில் ‘சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்த்தேன்’ என்று சொல்வது எப்படி?

கொரிய எழுத்துகளைக் கற்று, ‘போகிறேன்’, ‘சாப்பிட்டேன்’ என்று சின்னச் சின்ன வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர்களுக்கான பாடம் இது. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வதைக் கொரியத்தில் சொல்ல ‘ம்யொன்ஸொ’ என்ற விகுதி போதும். தமிழர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும். ஆனால் மீதிப் பாதியில் நம் தமிழே நம்மை வழிமாற்றி விடும். அந்த இடத்துக்குத்தான் இந்தப் பாடத்தில் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். இதில் குறில் ‘ஒ’ என்பது உதட்டைக் குவிக்காமல் வாயைச் சற்றுத் திறந்து சொல்வது. நெடில் ‘ஓ’ உதட்டைக் குவித்துச் சொல்வது. ‘உ’ என்று எழுதியிருந்தால் ‘பாட்டு’, ‘காசு’ ஆகியவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரம் போல, உதடு குவியாமல் சொல்லுங்கள். கொரியத்தில் மிகவும் சிரமம் என்று பலரும் சொல்லும் ஒலி அது. நமக்கு நாள் முழுக்க வாயில் புழங்குகிறது. ‘ஊ’ வந்தால் உதட்டைக் குவியுங்கள்.

படி 1: விகுதியை ஒட்டுவது

அகராதியில் கொரிய வினைச்சொற்கள் ‘தா’ என்று முடியும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பகுதி. பகுதி உயிரொலியில் முடிந்தால் ‘ம்யொன்ஸொ’வை அப்படியே ஒட்டலாம்.

காதா (போ) – காம்யொன்ஸொ (போய்க்கொண்டே)
போதா (பார்) – போம்யொன்ஸொ (பார்த்துக்கொண்டே)

பகுதியின் அடியில் மெய் இருந்தால், அதாவது பாட்ச்சிம் இருந்தால், நடுவில் ஒரு ‘உ’ வரும். மெய்யின்மேல் உயிர் ஏறுவது நமக்குப் புதிதில்லையே!

மொக்தா (சாப்பிடு) – மொகும்யொன்ஸொ
ஊத்தா (சிரி) – ஊஸும்யொன்ஸொ

‘ல்’ பாட்ச்சிம் மட்டும் விலக்கு. அதற்கு ‘உ’ வேண்டாம். ஊல்தா (அழு) என்பது ஊல்ம்யொன்ஸொ ஆகும். அப்புறம், ‘துத்தா’ (கேள்), ‘கொத்தா’ (நட) ஆகிய இரண்டும் மாறி நடப்பவை: துரும்யொன்ஸொ, கொரும்யொன்ஸொ. அடிக்கடி வரும் சொற்கள் என்பதால் இவற்றை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 2: வாக்கியம்

பாபுல் மொகும்யொன்ஸொ தெல்லெபிஜொனுல் ப்வாஸ்ஸொயோ.
சாதம் சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்த்தேன்.

இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிடுங்கள். பாபுல் – சாதத்தை, மொகும்யொன்ஸொ – சாப்பிட்டுக்கொண்டே, தெல்லெபிஜொனுல் – டிவியை, ப்வாஸ்ஸொயோ – பார்த்தேன். வரிசை ஒன்றுகூட மாறவில்லை. இறந்தகாலமும் கடைசி வினையில் மட்டும்தான். முதல் வினையில் காலம் காட்ட வேண்டாம். நாமும் ‘சாப்பிட்டேன்கொண்டே’ என்று சொல்வதில்லை. முக்கியமான வேலை எதுவோ அது கடைசியில் வருவதும் தமிழைப் போலவேதான்.

படி 3: ஆள் ஒருவரா, இருவரா?

ம்யொன்ஸொவின் இருபுறமும் ஒரே ஆள் இருக்க வேண்டும். ‘அம்மா சமைத்துக்கொண்டே நான் வீடு பெருக்கினேன்’ என்றால் காதில் உறுத்துகிறதல்லவா? கொரியரின் காதிலும் அதே உறுத்தல்தான். ஆள் இரண்டு என்றால் ‘நுன் தோங்ஆன்’ போடுங்கள்.

ஒம்மாகா யோரிஹாநுன் தோங்ஆன் ஜேகா ச்சொங்ஸோஹேஸ்ஸொயோ.
அம்மா சமைக்கும் நேரத்தில் நான் வீட்டைச் சுத்தம் செய்தேன்.

படி 4: ‘கொண்டு’ வைக்கும் கண்ணி

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘கொண்டே’ என்றால் ம்யொன்ஸொ என்று பழகிய கை, ‘கொண்டு’ என்று வரும் இடத்திலெல்லாம் அதையே எழுதிவிடும். நானும் தொடக்கத்தில் நோட்டு நிறைய அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

‘கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படித்தேன்.’ இதில் நடக்கும் வேலை ஒன்றுதான், படிப்பது. கண்ணாடியைப் போடுவது முன்பே முடிந்துவிட்டது; அது முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கொரியம் இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஆன்க்யொங்உல் ஸுகோ ச்சேகுல் இல்கொஸ்ஸொயோ.

‘ஸும்யொன்ஸொ’ என்று சொன்னால், கண்ணாடியைக் கையில் எடுத்துக் காதில் மாட்டுகிற அந்த நொடியிலேயே படித்ததாக அர்த்தமாகிவிடும். உடுத்துவதும் இப்படியே. கொரிய மரபுடையான ஹான்போக் உடுத்திக்கொண்டு போனேன் என்பதை ‘ஹான்போகுல் இப்கோ காஸ்ஸொயோ’ என்று ‘கோ’ போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

‘உட்கார்ந்துகொண்டு’ என்பதற்கு இன்னொரு விகுதி: ஆன்ஜாஸொ. ‘ஆன்ஜும்யொன்ஸொ’ என்பது நின்றவர் நாற்காலியில் அமரும் அசைவை மட்டுமே குறிக்கும்.

சந்தேகம் வந்தால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, அல்லது முடிந்து அதன் நிலை மட்டும் இருக்கிறதா? நடந்துகொண்டிருந்தால் ம்யொன்ஸொ.

இன்னொன்று. ‘கோ’வையும் ம்யொன்ஸொவையும் இடம் மாற்றினால் பொருளே மாறும். ‘பாபுல் மொக்கோ தெல்லெபிஜொனுல் ப்வாஸ்ஸொயோ’ என்றால் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்தேன். ஒரே நேரம் என்பது போய்விட்டது.

படி 5: ஒரு ‘உம்’ சேர்த்தால்

இது எனக்கு மிகவும் பிடித்த இடம். கொரிய ‘தோ’ நம் ‘உம்’. ‘ஜொதோ’ என்றால் ‘நானும்’. அதை ம்யொன்ஸொவோடு சேர்த்தால் முரண் பிறக்கிறது.

ஆல்ம்யொன்ஸொதோ மால் ஆன் ஹேஸ்ஸொயோ.
தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

‘தெரிந்திருந்து’ என்பதில் ‘உம்’ சேர்ந்ததும் ஒரு குற்றச்சாட்டின் தொனி வந்துவிடுகிறதே, அதே வேலையை அங்கே ‘தோ’ செய்கிறது.

பயிற்சி

கீழே உள்ளவற்றை விடை பார்க்காமல் முதலில் எழுதிப் பாருங்கள்.

அ. பாட்டுக் கேட்டுக்கொண்டே நடக்கிறேன்.
ஆ. சிரித்துக்கொண்டே சொன்னேன்.
இ. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பாட்டுக் கேட்டேன்.

விடைகள்:

அ. உமாகுல் துரும்யொன்ஸொ கொரொயோ.
ஆ. ஊஸும்யொன்ஸொ மால்ஹேஸ்ஸொயோ.
இ. பொஸுஏ ஆன்ஜாஸொ உமாகுல் துரொஸ்ஸொயோ.

மூன்றாவதில் ம்யொன்ஸொ எழுதியிருந்தால் நான்காம் படியை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.