பாகுபாடு குறித்துப் பெங்களூரு மாநகராட்சியிடம் மனுக் கொடுப்பது எப்படி?

பிரித்தானியாவில் ஒரு நகர மன்றம் இனவெறியை எதிர்ப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றினால், அதற்குப் பின்னால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நிற்கிறது. பணிகளைச் செய்யும்போது பாகுபாட்டை அகற்றுவதைக் கருத்தில் கொள்ள வேண்டிய கடமையை அதன் 149ஆம் பிரிவு மன்றத்தின்மீது வைக்கிறது. இந்தியாவில் அத்தகைய ஒரே சட்டம் கிடையாது. ஆகவே பெங்களூரின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வசிக்கும் தமிழர் ஒருவர், சாதியாலோ மொழியாலோ பிறந்த ஊராலோ ஒதுக்கப்படுவதாக முறையிட விரும்பினால், எதை யாரிடம் கேட்பது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

குப்பை அகற்றல், தெருவிளக்கு, பொதுக் கழிப்பறை, பூங்கா, இடுகாடு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீருக்குக் குடிநீர் வாரியத்தை அணுக வேண்டும். அடி, மிரட்டல் போன்றவை காவல்துறைக்கு உரியவை. அவசரத்துக்கு 112, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு 14566 ஆகிய எண்களை அழைக்கலாம். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு கூறுகிறது.

மாநகராட்சிக்கான மனுவில் உணர்ச்சியைவிட ஒப்பீடே வலுவான சான்று. ‘எங்களைப் புறக்கணிக்கிறார்கள்’ என்று எழுதினால் அதிகாரி அனுதாபத்தோடு படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். மாறாக, பக்கத்து லேஅவுட்டுக்கு நாள்தோறும் வரும் குப்பை ஆட்டோ உங்கள் குடிசைப் பகுதிக்கு வாரம் ஒருமுறைதான் வருகிறதென்றால், இரண்டு தெருக்களையும் ஒரே நாள்களில் தேதி தெரியும்படி படம் எடுத்து, வராத நாள்களைப் பட்டியலிட்டு, என்ன மாற்றம் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேட்டால், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் 9ஆவது பதிவு, நலிந்த பிரிவினரின் நலனைப் பாதுகாப்பதை நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருப்பதையும் குறிப்பிடுங்கள். மனு கன்னடத்தில் இருப்பது நல்லது; இதைத் தன்மானப் பிரச்சினையாக்க வேண்டியதில்லை, கன்னடத்தில் எழுதிய மனு மேசைக்கு மேசை விரைவாக நகரும் என்பதே காரணம். வீட்டில் கன்னடப் பள்ளியில் படித்த பிள்ளை இருந்தால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும், மாநகராட்சியின் உதவி எண்ணான 1533இல் பதிவு செய்தால் புகார் எண்ணும் பெற்றுக்கொள்ளுங்கள்.

2025இல் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுக் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின்கீழ் வந்துவிட்டதால், உங்கள் தெரு எந்த மாநகராட்சியில், எந்த வார்டில் இருக்கிறது என்பதைச் சரிபார்த்த பிறகே முகவரி எழுதுங்கள். வார்டு குழுக் கூட்டம் நடந்தால் தனியாகப் போகாமல், பௌரகார்மிகர்கள் எனப்படும் துப்புரவுப் பணியாளர்களையும் நடைபாதை வணிகர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பேசியதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறாத வாக்குறுதியை அடுத்த கூட்டத்தில் நிரூபிக்க முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் இந்நகரத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள். அப்படியிருந்தும் வடகிழக்கு மாணவருக்கோ ஆப்பிரிக்க மாணவருக்கோ வீடு தர மறுக்கும் தமிழ் உரிமையாளர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை நிர்வாகிகளாக வைத்துக்கொண்டு ஒரு குடியிருப்போர் சங்கம் சமத்துவம் கேட்டு மனு எழுதினால், அதைக் கூட்டத்தில் ஒருவர் சுட்டிக்காட்டியதுமே மனு வலுவிழந்துவிடும். கையெழுத்து வாங்கும்போதே அண்டைவீட்டாரான அந்த மாணவர்களிடமும் வாங்குங்கள்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு இலவசம். கர்நாடக விதிகளின்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருளைத்தான், அதுவும் 150 சொற்களுக்குள் கேட்க வேண்டும் என்பதால், குப்பை வண்டியின் வருகைப் பதிவேட்டுக்கு ஒன்று, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் நலத்துக்கான தொகை உங்கள் வார்டில் செலவான விவரத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக எழுதுங்கள். 30 நாள்களில் தகவல் வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.