குடியை விட்டபின் மாலைப் பொழுதைச் சரிசெய்த விதம்

திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில்தான் குடியை நிறுத்தினேன். வீடு திரும்பிய பின்னரே உண்மையான வேலை தொடங்கியது.

பசி, கோபம், தனிமை, சோர்வு ஆகிய நான்கும் குடிக்கும் வேட்கையைத் தூண்டும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். என்னைப் பொறுத்தவரை பசியே முதல் எதிரி என்பதால், மாலையில் சுண்டலோ அவித்த முட்டையோ சாப்பிடாமல் வேலையிடத்தை விட்டுக் கிளம்புவதில்லை. மதுக்கடை இல்லாத வழியைப் புதுச்சேரியில் தேடுவது எளிதன்று. ஆயினும் சற்றுச் சுற்றிப் போனால், மாலையில் வண்டிகளை அனுமதிக்காத கடற்கரைச் சாலைக்கு வந்துவிடலாம். வேட்கை எழுந்தாலும் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்பதால், அதுவரை அங்கே நடப்பேன்.

சம்பளக் கணக்கின் அட்டை மனைவியிடம் இருக்கிறது. (தம்பி கேலி செய்கிறான், செய்யட்டும்.)

குடியைத் தவிர்க்க உதவும் டைசல்பிராம் மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் சிறிதளவு ஆல்கஹாலும் வாந்தி, படபடப்பை உண்டாக்கும் என்பதால், இருமல் மருந்தையும், இயல்பாகவே ஆல்கஹால் கலந்த அரிஷ்டங்களையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்குவதில்லை. மனம் மிகவும் தடுமாறும் இரவுகளில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசுகிறேன்.